காணிக்காரரும் ஊர்த் தண்ணீரும்



வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிக் கண்டி வீதியில் வருபவர் வழியிலுள்ள பெயர்ப் பலகைகளைச் சற்றுக் கவனித்து வாசிக்கட்டும். புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், அதற்கப்பால் கிழவன்குளம், பனிக்கன்குளம். மாங்குளச் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பினால் ஒலுமடு. குளமும் மடுவுமே ஊர்களின் பெயர்களாக நிற்பதைக் காண்பார். இந்த ஊர்கள் தண்ணீரால் பெயர் பெற்றவை. முதலில் ஒருவர் ஓடும் மழைநீரை மறித்துக் கட்டினார், தண்ணீர் தேங்கியது, அதன் பின்னரே வயலும் வீடும் கோயிலும் பள்ளிக்கூடமும் எழுந்தன.

இவ்வளவு நெருக்கமாகத் தண்ணீரோடு பிணைந்து வாழ்ந்தும், “குளத்தைப் பார்ப்பது அரசாங்கத்தின் வேலை, காணியைப் பார்ப்பது என் வேலை” என்ற எண்ணம் நம்மில் பலரிடம் இருக்கின்றது. குளக்கட்டு உடைந்தால் நீர்ப்பாசனத் திணைக்களம் வரவேண்டும். கிணற்றுத் தண்ணீர் கெட்டால் சுகாதாரப் பகுதியினர் வரவேண்டும். மரம் அழிந்தால் வன இலாகா கேட்கவேண்டும். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி? ஊர்த் தண்ணீர் நல்லதாவதும் கெடுவதும் தனிப்பட்ட காணிக்காரர் கையில் எவ்வளவு தங்கியுள்ளது? இவற்றை இன்றைய பாடத்தில் ஒழுங்காகச் சிந்திப்போம்.

இங்கே காணிக்காரர் என்று சொல்வது உறுதி வைத்திருப்பவரை மட்டுமல்ல. வன்னியில் பெரும்பாலானோர் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ பெற்றவர்கள். சிலர் குத்தகைக்குச் செய்பவர்கள். ஒரு துண்டு நிலத்தில் என்ன செய்வது, என்ன செய்யாமல் விடுவது என்று தீர்மானிக்கும் எவரும் இப்பாடத்திற்குக் காணிக்காரரே. கோயிற் காணியைப் பராமரிக்கும் பங்குச் சபையும், பள்ளிக்கூட வளவைப் பார்க்கும் அதிபரும் இதில் அடங்குவர்.

1. தண்ணீர் எங்கிருந்து வருகின்றது?

வன்னியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் சனவரி வரையான சில மாதங்களுக்குள் பெய்து தீர்ந்துவிடுகின்றது. மற்றைய மாதங்களை நாம் சேமித்த தண்ணீரைக்கொண்டே கழிக்கின்றோம். அந்தச் சேமிப்பு இரண்டு இடங்களில் உள்ளது. ஒன்று குளம். மற்றது நிலத்தின் அடி. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை ஊரிலுள்ள எந்த முதியவரும் அறிவார். குளத்தில் தண்ணீர் நின்றால் அயற்கிணறுகளில் ஊற்று நிற்கும். குளம் வற்றினால் கிணறும் அடிகாணும்.

இப்போது ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஓர் அங்குல மழை, அதாவது ஏறக்குறைய 25 மில்லிமீற்றர், ஓர் ஏக்கர் நிலத்தில் விழுந்தால் அது 1 இலட்சம் லீற்றர் தண்ணீர். மார்கழி மாதத்தில் ஒரே இரவில் பெய்யக்கூடிய மழைதான் இது. உங்களிடம் மூன்று ஏக்கர் இருந்தால் அந்த இரவில் 3 இலட்சம் லீற்றர் தண்ணீர் உங்கள் காணியில் இறங்குகின்றது. அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும். மீதி உங்கள் வேலியைக் கடந்து, ஒழுங்கை வழியாக, வாய்க்கால் வழியாகக் குளத்தைச் சேரும். அது போகும்போது எதைச் சுமந்துகொண்டு போகின்றது என்பதே நம் பாடத்தின் மையக் கேள்வி.

மாங்குளத்துக்கு அண்மையாக ஓடும் கனகராயன் ஆற்றை எடுத்துக்கொள்வோம். அது வவுனியா மாவட்டத்தின் வடபகுதியில், சேமமடுப் பக்கமாகத் தொடங்கி, முல்லைத்தீவு மாவட்டத்தினூடாக வடக்கே ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்புகின்றது. 1902இல் தொடங்கிய இரணைமடுக் கட்டு வேலை ஏறக்குறைய 20 ஆண்டுகள் நீடித்தது. பின்னர் பலமுறை கட்டு உயர்த்தப்பட்டது. அண்மைக்காலத்தில் மீண்டும் புனரமைக்கப்பட்டு, 2018 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதே மாதக் கடைசியில் பெருவெள்ளம் வந்து கதவுகளைத் திறக்கவேண்டி ஏற்பட்டதையும் கிளிநொச்சி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரணைமடுவின் மேலதிக நீர் சுண்டிக்குளம் பரவைக் கடலிற் போய்ச் சேருகின்றது. அது 1938இல் பறவைகள் சரணாலயமாகவும், 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம்.

ஆகவே, மாங்குளத்தில் ஒருவர் தமது தோட்டத்தில் எறிவது கிளிநொச்சி வயலுக்கும் போகலாம். சுண்டிக்குளத்தில் இறால் பிடிப்பவரின் வலைக்கும் போகலாம். மேட்டில் இருப்பவருக்குப் பள்ளத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் தண்ணீர் இருவரையும் அறியும்.

2. முன்னோர் வைத்த வடி

வறண்ட வலயத்துக் குளங்கள் தனித்தனியாகக் கட்டப்பட்டவை அல்ல. ஒரு சிறு பள்ளத்தாக்கில் மேலேயுள்ள குளத்தின் வான் நீரும் வயலின் கழிவு நீரும் அடுத்த குளத்துக்கு வரும். அதிலிருந்து அதற்கடுத்த குளத்துக்குப் போகும். ஒரே தண்ணீர் பல முறை பயன்படும். இத்தொடர் அமைப்பைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் அறிவியல் முறையில் எடுத்து விளக்கினார். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் இலங்கையின் தொடர்குளக் கிராம முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக ஏற்றுக்கொண்டது.

இந்த முறையிற் குளம் என்பது கட்டும் தண்ணீரும் மாத்திரம் அன்று. குளத்தின் மேற்பக்கத்தில், தண்ணீர் வந்து விழும் அலைகரையில், அடர்ந்த மரவரிசை ஒன்று விடப்பட்டது. சிங்களக் கிராமத்தவர் அதைக் ‘கஸ்கொம்மன’ என்பர். அது காற்றைத் தடுத்து, நிழல் தந்து, தண்ணீர் ஆவியாவதைக் குறைத்தது. அதற்கு மேலே புல்லும் கோரையும் நிறைந்த ஒரு பட்டை நிலம் இருந்தது. அதன் பெயர் ‘பெரஹன’; வடி என்பது அதன் பொருள். நாம் தேத்தண்ணியை வடியில் ஊற்றினால் சக்கை மேலே நிற்பதுபோல, ஓடிவரும் மழைநீர் அந்தப் புல்லுக்குள் நுழையும்போது வேகம் குறைந்து, மண்ணையும் சருகையும் அங்கேயே விட்டுவிட்டுத் தெளிந்த நீராகக் குளத்துள் இறங்கியது. இன்னும் மேலே ‘கொடவல’ என்னும் சிறு குழிகள் இருந்தன. அவை மண்டியைப் பிடித்துவைத்ததோடு, காட்டு மிருகங்களுக்குத் தண்ணீர்த் தொட்டியாகவும் உதவின. கட்டுக்குக் கீழே, வயலுக்கு முன்னால், ‘கட்டக்கடுவ’ என்னும் மரஞ்செடி நிறைந்த நிலம் விடப்பட்டது. அது கட்டின் கசிவு நீரிலுள்ள உவரை வயலுக்குப் போகாமல் இழுத்துக்கொண்டது.

வன்னியின் பழைய குளங்களிலும் இதன் அடையாளங்களை இன்றும் காணலாம். அலைகரையில் நிற்கும் பெருமருதுகள், வாய்க்கால் ஓரத்து நாவலும் புங்கும், தாழம்புதர், சம்பும் கோரையும். இவற்றை யாரோ கவனிக்காமல் விட்ட பற்றை என்று நினைத்து வெட்டித் துப்புரவாக்குவோர் உண்டு. உண்மையில் அது நம் தண்ணீரின் வடி. வடியைக் கிழித்துவிட்டுச் சக்கை வருகின்றதே என்று குறைப்படுவது முறையாகாது.

3. கேடு எப்படி வருகின்றது?

முதலாவது, மண். புல்லும் மரமும் இல்லாத நிலத்தில் விழும் மழை மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு போகின்றது. அது குளத்தின் அடியிற் படிகின்றது. குளம் மேடாகின்றது, கொள்ளளவு குறைகின்றது, வான் விரைவிற் பாய்கின்றது, வைகாசி வரும் முன்னே குளம் வற்றுகின்றது. காணிக்காரர் இழந்ததோ அவரது காணியின் மிக வளமான மண். இரு பக்கமும் நட்டம்.

இரண்டாவது, பசளை. பயிர் எடுத்துக்கொள்ளாத யூரியா நைத்திரேற்றாக மாறித் தண்ணீரோடு கீழே இறங்குகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளின் நைத்திரேற்று அளவு மிகுந்துள்ளதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவந்துள்ளன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதற்கு மேற்பட்ட நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், பச்சைக் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம்பாரிக்கும் ஆபத்து உண்டு. தாய்மார் இதனை நன்கு மனத்திற்கொள்ளவேண்டும்: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். குளத்துக்குள் பசளை வந்தாலோ பாசியும் சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் பெருகி, அவை அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் செத்து மிதக்கின்றன.

மூன்றாவது, கிருமிநாசினியும் களைநாசினியும். மருந்தடித்து முடிந்ததும் கருவியை வாய்க்காலிலேயே கழுவுவதும், வெறும் போத்தலை வரப்பில் எறிவதும் நாம் நாள்தோறும் காணும் காட்சிகள். அந்த வாய்க்காலிற் சற்றுக் கீழே ஒரு பிள்ளை குளித்துக்கொண்டிருக்கும்.

நான்காவது, மலசலகூடக் குழியும் மாட்டுப்பட்டியும். கிணற்றுக்கு அருகே, அதுவும் கிணற்றைவிட மேடான பக்கத்தில் இவை அமைந்தால் கிணற்றுக்குள் என்ன வரும் என்று விளக்கத் தேவையில்லை. ஐந்தாவது, ஆற்றங்கரையில் மணல் தோண்டுவது. கரை இடிகின்றது, ஆற்றின் அடி தாழ்கின்றது, அயற்கிணற்றின் நீர்மட்டமும் அதனோடு தாழ்கின்றது.

இவ்விடத்தில் சிறுநீரக நோயைப் பற்றியும் சொல்லவேண்டும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் அவதானிக்கப்பட்டு, பின்னர் வவுனியா உட்பட வேறு பகுதிகளிலும் காணப்பட்ட அந்நோய் பெரும்பாலும் கமக்காரக் குடும்பங்களையே தாக்கியது. நிலத்தடிப் பாறையிலிருந்து வரும் புளோரைட்டும் தண்ணீரின் கடினத்தன்மையும், விவசாய இரசாயனங்களும், வெயிலில் நீர் அருந்தாது வேலைசெய்வதும் என்று பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டி முடிவாகவில்லை. ஆகவே எல்லாப் பழியையும் பசளையின் மேற் சுமத்துவது நேர்மையன்று. பாறையில் இருந்து வரும் புளோரைட்டைக் காணிக்காரர் தடுக்கமுடியாது. ஆனால் தம் கையால் தண்ணீரிற் சேர்ப்பதை அவர் தடுக்கலாம். நம்மால் ஆகாததைக் காட்டி, நம்மால் ஆவதைச் செய்யாமல் விடுவதற்கு நியாயமில்லை.

4. காணிக்காரர் செய்யக்கூடியவை

(அ) கரைப் பட்டை விடுங்கள். உங்கள் காணி ஆற்றையோ வாய்க்காலையோ குளத்தையோ தொட்டுக்கொண்டிருந்தால், அந்த ஓரத்தில் ஒரு பட்டை நிலத்தை உழாமல், எரிக்காமல், மருந்தடிக்காமல் விடுங்கள். தண்ணீருக்குக் கிட்ட மருது, நாவல், புங்கு, தாழை போன்றவையும், அடுத்துப் புதர்களும், வயற்பக்கத்தில் அடர்ந்த புல்லும் இருப்பது சிறப்பு. வெட்டிவேர் சரிவான இடத்தில் மண்ணை இறுகப் பிடிக்கும். இந்தப் பட்டையின் வேலை என்ன? புல் தண்ணீரின் வேகத்தைக் குறைத்து மண்ணைப் படியவைக்கின்றது. வேர்கள் பசளையை உறிஞ்சுகின்றன. ஈரமான, இலைமக்கு நிறைந்த மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைத்திரேற்றைச் சிதைத்து வாயுவாக வெளியேற்றுகின்றன. மரநிழல் தண்ணீரைக் குளிர்மையாக வைத்திருக்கின்றது.

(ஆ) பசளையை அளந்து, நேரம் பார்த்துப் போடுங்கள். கடும் மழை வரும் நாளிற் போட்ட யூரியா பயிருக்குப் போகாது, குளத்துக்கே போகும். ஒரே முறையாகப் போடுவதைப் பிரித்துப் போடுவது நல்லது. போட்டபின் சில நாட்கள் வக்கடையை அடைத்து, வயல் நீரை வெளியே விடாதிருங்கள். மாட்டெருவும் இலைப்பசளையும் மண்ணின் ஈரப்பிடிப்பைக் கூட்டும். 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் அதனைக் கைவிட நேர்ந்ததை நாம் கண்டோம். அன்று கமக்காரர் பட்ட பாடு ஒரு பாடம் சொல்கின்றது: இத்தகைய மாற்றம் படிப்படியாக, கமக்காரர் கையாலேயே வரவேண்டும்.

(இ) மருந்துக் கருவியைத் தண்ணீரிற் கழுவாதீர்கள். கழுவிய நீரை மருந்தடித்த வயலுக்குள்ளேயே தெளித்துவிடுங்கள். வெறும் போத்தலை வீட்டுத் தேவைக்கு எடுக்கவேண்டாம். கிணற்றடியிலும் வாய்க்காலிலும் எறியவும் வேண்டாம்.

(ஈ) மாடுகளுக்கு ஒரு துறை வையுங்கள். கட்டாக்காலியாகத் திரியும் மாடுகள் கரை முழுவதையும் மிதித்து உடைக்கின்றன. ஓரிடத்தில் கல்லும் கிறவலும் போட்டு அவை இறங்க வழிசெய்து, மற்றக் கரையை அலம்பல் வேலியால் அடைத்தாற் போதும்.

(உ) கிணற்றைக் காப்பாற்றுங்கள். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 50 அடியாவது இருக்கட்டும். காணி இடங்கொடுத்தால் அதைவிடக் கூட விடுவது நல்லது. குழி கிணற்றுக்குப் பள்ளமான பக்கத்தில் இருக்கவேண்டும். கிணற்றுக்குக் கட்டும், சுற்றிச் சீமெந்துத் தளமும், வழிந்த நீர் வாழைக்குப் போக ஒரு கானும் அமைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஐயமிருந்தால் உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அல்லது நீர்வழங்கல் சபையிடம் பரிசோதனைக்கு வழி கேளுங்கள்.

(ஊ) அலைகரையைத் தொடாதீர்கள். கோடையிற் குளம் வற்றும்போது வெளிப்படும் ஈரநிலம் ஆசைகாட்டும். ஒரு போகம் பயறு விதைத்தால் என்ன என்று தோன்றும். ஒருவர் விதைத்தால் அடுத்த ஆண்டு நால்வர் வருவர். அதற்கடுத்த ஆண்டு வேலி வரும். பிறகு குளம் நிரம்பினால் என் பயிர் மூழ்குகின்றது என்று துருசைத் திறக்கச் சொல்லும் நிலையும் வரும்.

5. உயிர்களின் பங்கு

தண்ணீருக்காக விட்ட கரைப் பட்டை தானாகவே உயிர்களின் வீடாகின்றது. நாரையும் கொக்கும் நீர்க்காகமும் மருதில் அடையும். விராலும் கெளிறும் கோரைக்குள் முட்டையிடும். தவளையும் தும்பியும் பெருகும். தவளை வயற்பூச்சியைத் தின்னும். தும்பி நுளம்பைப் பிடிக்கும். ஆந்தை எலியைப் பிடிக்கும். தேனீ இருந்தால் பூசணி நன்றாகக் காய்க்கும். இவற்றுக்குக் கூலி கொடுக்கவேண்டியதில்லை. இருக்க இடம் கொடுத்தாற் போதும்.

இதற்குத் தமிழ்நாட்டில் ஓர் அருமையான சான்று உண்டு. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கல் ஊரவர் தங்கள் ஏரியில் அடையும் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தவர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று ஆங்கிலேயக் கலெக்டரிடம் உத்தரவு பெற்றுக்கொண்டார்கள். அரசாங்கம் அதைச் சரணாலயமாக்கியது 1936இல்தான். அவர்கள் பறவைமேல் வைத்த அன்புக்குப் பின்னால் ஒரு கமக்காரக் கணக்கும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பசளையாயிற்று. பறவைக்கு வெடிச்சத்தம் ஆகாதென்று தீபாவளிக்கும் பட்டாசு கொளுத்தாத ஊர் அது. சட்டம் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே நிலத்துக்கு உரியவர்கள் தாமாகக் காத்த இடம் அது என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

6. இழப்பு எவ்வளவு?

“சொல்வது எளிது, காணியை விடுவது யார்?” என்று கேட்பவர் இருப்பார். இது நியாயமான கேள்வி. 1990இலும், பின்னர் 2008இலும் 2009இலும் எல்லாவற்றையும் விட்டு ஓடி, திரும்பிவந்தபோது கிணறு தூர்ந்தும் வேலி அழிந்தும் கிடக்கக் கண்ட மக்களிடம், கடன்பட்டுக் கமஞ்செய்பவர்களிடம், காணியில் ஒரு பங்கை விடு என்று சொல்வது இலேசான காரியமன்று. ஆகவே கணக்கைப் பார்த்தே பேசுவோம்.

உங்கள் காணியின் 100 மீற்றர் நீளம் வாய்க்காலைத் தொடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 மீற்றர் அகலத்தை விட்டால், விடுவது 1,000 சதுர மீற்றர். அதாவது ஏறக்குறைய 4 பரப்பு, கால் ஏக்கர். மூன்று ஏக்கர்க் காரருக்கு இது பன்னிரண்டில் ஒன்று. 5 மீற்றர் விட்டால் இருபத்துநாலில் ஒன்று. அந்த ஓரமோ பெரும்பாலும் வெள்ளம் அரிப்பதும் விளைச்சல் குறைந்ததுமான நிலம். விட்ட இடத்திலிருந்து விறகு, மாட்டுக்குப் புல், நாவற்பழம், தாழையோலை, தேன் என்பன வரும். மரவேர் பிடித்திருப்பதால் அடுத்த வெள்ளத்தில் உங்கள் எல்லை உள்ளே நகராது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் சிறிது இழப்பு நிற்கத்தான் செய்யும். அதை மறைக்கவேண்டியதில்லை. அந்த இழப்பைக் காணிக்காரர் ஒருவரே சுமக்கவேண்டுமா என்பதே அடுத்த கேள்வி.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரம் இதற்கு ஒரு விடை கண்டது. 80 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அந்நகரின் தண்ணீரில் மிகப் பெரும் பகுதி தூரத்திலுள்ள கற்ஸ்கில், டெலவேயர் மலைப்பகுதிகளிலிருந்து வருகின்றது. அங்குள்ள நிலத்தின் பெரும்பகுதி தனியார் காணி. 1990களில், தண்ணீரை வடிகட்டப் பல நூறு கோடி டொலர் செலவில் ஆலை கட்டவேண்டிய நிலை நகருக்கு வந்தது. ஆலை கட்டுவதற்குப் பதிலாக, 1997இல் நகரம் மேட்டூர் மக்களோடு ஓர் உடன்படிக்கை செய்தது. பண்ணைக்காரர் ஆற்றோரத்தில் வேலியடைத்து மரம் நட்டனர், எருக்கிடங்குகளைத் திருத்தினர், செலவை நகரம் கொடுத்தது. தண்ணீர் குடிப்பவர், தண்ணீரைக் காப்பவருக்குக் கொடுத்தார். ஆலையைவிட இது மலிவாக முடிந்தது.

இதை நாம் அப்படியே பின்பற்றவேண்டும் என்பதில்லை. ஆனால் கருத்து நமக்கும் உரியது. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் பற்றி எழுந்த வாதங்களை வாசகர்கள் அறிவர். கிளிநொச்சிக் கமக்காரர் தங்கள் சிறுபோகத்தை எண்ணி அஞ்சினர். குடாநாட்டவர் தங்கள் குடிநீரை எண்ணி ஏங்கினர். பின்னர் வடமராட்சி கிழக்கில், தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. அந்த வாதத்தில், இரணைமடுவுக்குத் தண்ணீர் வரும் மேட்டுநிலக் காணிக்காரரைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. குளத்துத் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று நாம் வாதாடுகின்றோம். குளத்துக்குள் வரும் தண்ணீரைக் காப்பவர் யார் என்றும் கேட்கவேண்டாமா?

7. சட்டமும் கடமையும்

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குளங்களையும் வாய்க்கால்களையும் ஆக்கிரமிப்பதையும் மறிப்பதையும் தடுக்கின்றது; கமக்காரர் அமைப்புகளுக்கும் இடமளிக்கின்றது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் நீரை மாசுபடுத்துவதைக் குற்றமாக்குகின்றது. மணல் அகழ 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஆற்றோரத்தில் உங்கள் காணி எங்கே முடிகின்றது, ஒதுக்குநிலம் எங்கே தொடங்குகின்றது என்பதைப் பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் கேட்டறியுங்கள். ஆயினும் எந்த உத்தியோகத்தரும் மார்கழி மழையில் உங்கள் வக்கடையில் வந்து நிற்கமாட்டார். அங்கே நிற்பவர் நீங்களே.

சொத்தைப் பற்றிய திருச்சபையின் போதனை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடல், தனியார் சொத்துரிமையை மறுக்கவில்லை. ஆனால் அது எல்லையற்ற உரிமையல்ல என்றும், சொத்துக்குச் சமூகக் கடமை உண்டு என்றும், பாதுகாப்பான குடிநீர் மனிதனின் அடிப்படை உரிமை என்றும் தெளிவாகச் சொல்கின்றது. நம் ஊரில் இதனை விளக்க நீண்ட பிரசங்கம் வேண்டியதில்லை. பங்குக் கிணறு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். நாலு பங்காளர் உள்ள கிணற்றில் எனக்கும் உரிமை உண்டு. ஆனால் என் பங்கு என்று சொல்லி அதற்குள் குப்பையைக் கொட்ட முடியாது. ஆறும் குளமும் நிலத்தடி நீரும் ஊர் முழுவதற்கும் உரிய ஒரு பெரிய பங்குக் கிணறு. பங்காளரில் இன்னும் பிறக்காத பிள்ளைகளும் உளர்.

ஒருவர் தனித்துச் செய்தால் பயன் சிறிது. ஒரு வாய்க்காலின் இரு கரையிலும் உள்ள பத்துப் பேர் சேர்ந்து செய்தால் அந்த வாய்க்கால் தெளியும். ஆகவே கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். வரும் காலபோக மழைக்கு முன், பங்குக் காணியின் வாய்க்கால் ஓரத்திலேயே முதல் மருதங்கன்றை நட்டுத் தொடங்கலாம். பிறருக்குச் சொல்லுமுன் நாம் செய்து காட்டுவது நல்லது.

குடும்பத்தில் கலந்துரையாட

1. நம் காணியில் விழும் மழைநீர் எந்த வழியாகப் போய் எந்தக் குளத்தைச் சேருகின்றது? அடுத்த மழையன்று பிள்ளைகளோடு நடந்து போய்ப் பாருங்கள்.

2. நம் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே எத்தனை அடி? மேடு எந்தப் பக்கம்?

3. மருந்தடிக்கும் கருவியை இதுவரை எங்கே கழுவினோம்? இனி எங்கே கழுவப்போகின்றோம்?

4. வாய்க்கால் ஓரத்தில் எத்தனை மீற்றர் விடமுடியும்? அதனால் வரும் இழப்பு என்ன, வரவு என்ன?

5. பேரனார் பேத்தியார் காலத்தில் நம் குளத்தில் இருந்து இன்று இல்லாத மீன், பறவை, மரம் எவை? அவர்களிடமே கேட்டு எழுதிவையுங்கள்.